அக்காவுக்குக் கீமோ நடக்கிறது, வீட்டில் ஆளுக்கொரு பேச்சு: என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலம் பக்கம் ஓர் ஊர். கேட்பவர் தங்கை, 36 வயது. அவருடைய அக்காவுக்கு 43. அக்காவுக்கு இடது மார்பில் கேன்சர் என்று தெரிந்து மார்பை எடுத்துவிட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் இரண்டாவது கீமோ முடிந்தது. 21 நாளுக்கு ஒன்றாக இன்னும் ஆறு இருக்கிறது, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும். நோயைவிட வீட்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்கிறார். மாமா யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். அக்காவின் மாமியார் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். துணைக்கு வந்த அம்மாவுக்கும் மாமியாருக்கும் அடுப்படியில் தினம் ஒரு வழக்கு. பிளஸ் டூ படிக்கும் மகளிடம் "கட்டி எடுத்திருக்கு" என்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பதால் சொந்தபந்தம் யாருக்கும் தெரியக் கூடாது என்று கட்டுப்பாடு. இதற்கிடையில், பங்குனியில் அக்கா தீச்சட்டி எடுப்பாள் என்று அம்மா அம்மனுக்கு நேர்ந்தும் விட்டார். "நடுவில் நான் என்ன செய்வது?" என்பது கேள்வி.

நான் மதுரையில் கேன்சர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் அக்காவின் டாக்டர் சொல்வதுதான் கடைசிப் பேச்சு. ஆனால் வார்டு வராந்தாவில் குடும்பங்கள் போட்டுக்கொள்கிற சண்டையை டாக்டர்களைவிட நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் எழுதியதில் மாமா, மாமியார், அம்மா, மகள், சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அக்கா என்ன நினைக்கிறார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பக்கத்தில் வழக்கமே இப்படித்தான். ரிப்போர்ட் வந்ததும் "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்டு ஆம்பளை ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஃபைலை அண்ணனோ புருஷனோ கையில் வைத்துக்கொள்வார். நோயாளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. கீமோ ஏறுகிற நாலைந்து மணி நேரத்தில் பக்கத்துப் பெட் அம்மாவிடம் கேட்டே எல்லாம் தெரிந்துகொண்டிருப்பார். தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் நடிக்க, மற்றவர்கள் அவருக்கு முன்னால் நடிக்க, வீட்டில் யாரும் யாரிடமும் உண்மை பேச முடியாத நிலைமை வந்துவிடும்.

அதனால் முதல் வேலையாக அக்காவுடன் தனியாக உட்காருங்கள். கீமோ போட்டு ஒரு வாரம் பத்து நாள் போன பிறகு, உடம்பு கொஞ்சம் தெளிந்த ஒரு நாளாகப் பாருங்கள். வைத்தியத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், மகளிடம் யார் சொல்ல வேண்டும், சொந்தத்தில் யார் யாருக்குச் சொல்லலாம், அம்மா இங்கேயே இருக்க வேண்டுமா இல்லை கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வரலாமா என்று கேளுங்கள். அவர் சொல்வதை வீட்டில் எடுத்துச் சொல்வதுதான் உங்கள் வேலை. நீங்களாக நீதிபதி ஆகிவிடாதீர்கள். தங்கச்சி பேச்சு மாமியார் வீட்டில் எடுபடாது, "அக்கா இப்படித்தான் வேணும்னு சொல்லுது" என்றால் எடுபடும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பாசம் இல்லை என்று அவசரமாக முடிவு கட்டாதீர்கள். எங்கள் வார்டில் எத்தனையோ கணவர்கள் டீக்கடைப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்கள். பயம், பணக் கவலை, எதைச் சொன்னால் அவள் மனசு உடையுமோ என்ற தயக்கம், எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடும். இதில் சிக்கல் என்னவென்றால், அவர் மாடிக்குப் போவதை அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். மார்பு இல்லாத உடம்பு பிடிக்கவில்லை போல என்று நினைப்பார். அக்காவுக்கு வலிக்கக் கூடாது, தொற்று வந்துவிடக் கூடாது என்று நினைத்தேகூட மாமா தள்ளிப் படுத்திருக்கலாம். இரண்டு பேரும் வாய் திறந்து கேட்காதவரை இது இப்படியேதான் போகும்.

இந்த மாதிரி ஆம்பளைகளிடம் "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் எழுந்து போய்விடுவார்கள். வேலை கொடுங்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு விலாப் பக்கம் ஒரு டியூப் விட்டு, நீர் வடிய டப்பா மாட்டி அனுப்புவார்கள். அந்த நீரைத் தினமும் அளந்து எழுதும் வேலையை நாங்கள் வேண்டுமென்றே கணவர் தலையில்தான் கட்டுவோம். 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் டியூபை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். தழும்பைப் பார்க்கும் பயமும் தானாகவே போய்விடும். உங்கள் அக்காவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் வேறு வேலைகள் இருக்கின்றன. கீமோவுக்கு முந்தின ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, தெர்மாமீட்டரில் காய்ச்சல் பார்த்து எழுதுவது, இடது கை தோள்பட்டை இறுகிவிடாமல் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை அக்கா தினமும் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது. இதில் காய்ச்சல் மட்டும் விளையாட்டுக் காரியம் இல்லை. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், ராத்திரி ரெண்டு மணியானாலும் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அந்தப் பொறுப்பு மாமாவுடையது என்று அக்கா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் மாடியில் படுக்க அவருக்கே மனசு வராது.

தாம்பத்தியம் பற்றிக் கேட்க எல்லாருக்கும் கூச்சம், அதனால் நானே சொல்கிறேன். ஒரே கட்டிலில் படுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். உடலுறவுக்கும் பொதுவாகத் தடை இல்லை, அக்காவுக்கு விருப்பமும் தெம்பும் இருந்தால். வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும் நாட்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். வைத்தியம் முடியும்வரை காண்டம் அவசியம், ஏனென்றால் இந்தச் சமயத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கருத்தடை மாத்திரையும் கூடாது. கீமோவில் மாதவிடாய் நின்றுபோகலாம், உடம்பு திடீரென்று தகதகவென்று எரியலாம், உறவில் வறட்சியும் வலியும் வரலாம். ஹார்மோன் வகைக் கட்டி என்றால் வைத்தியம் முடிந்தும் அஞ்சு வருஷத்துக்குக் குறையாமல் மாத்திரை இருக்கும், அதிலும் இதெல்லாம் தொடரும். மாமாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அக்கா விலகிப் போகும் நாளில் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆண்களிடம் இதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

இன்னொரு சின்ன விஷயம். கீமோவோடு ஸ்டீராய்டு மருந்தும் கொடுப்பார்கள். அதனால் முதல் இரண்டு நாள் தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார்கள். மருந்து நின்றதும் மூன்றாம் நாள், நாலாம் நாள் அப்படியே துவண்டு அழுகை வரும். அந்த நாட்களில் அக்கா பேசிய பேச்சை யாரும் கணக்கில் வைக்காதீர்கள். எந்தப் பஞ்சாயத்தையும் அன்றைக்குக் கூட்டவும் வேண்டாம்.

மகளிடம் மறைப்பது எனக்குச் சுத்தமாக உடன்பாடு இல்லை. அம்மா தலையில் முடி கொட்டிவிட்டது, மார்பு இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. பிளஸ் டூ படிக்கிற பெண் இதைப் பார்த்துவிட்டுக் கட்டி என்று நம்புவாளா? மருந்துச் சீட்டில் இருக்கிற பேரைப் போனில் தட்டினால் எல்லாம் வந்துவிடும். அவளுக்கு அநேகமாகத் தெரியும், தெரிந்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று தனியாகச் சுமந்துகொண்டிருப்பாள். மார்ச்சில் பரீட்சை நடக்கும்போது கீமோவும் நடந்துகொண்டிருக்கும். பரீட்சை முடியட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

அக்காவே சொல்லட்டும், மாமா பக்கத்தில் இருக்கட்டும். நோயின் பேரைச் சொல்லியே சொல்லலாம்: "அம்மாவுக்கு மார்புல கேன்சர் வந்துச்சு. கட்டிய எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்கத்தான் இந்த கீமோ. சித்திரை வரைக்கும் இருக்கும்." அவ்வளவு போதும், மீதியை அவள் கேட்பாள். "ஒண்ணுமே ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள், "செத்துப்போயிருவியாம்மா?" என்று அவள் கேட்டால் திட்டவும் செய்யாதீர்கள். குணமாக்கத்தான் இந்த வைத்தியம், டாக்டர் புதுசாக எது சொன்னாலும் உன்னிடம் மறைக்க மாட்டோம் என்று சொல்லலாம். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும். வகுப்பு டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பெண் பிள்ளையிடம் சொல்கிற ஒரு வசனம் உண்டு: "அம்மாவுக்கு டென்ஷன் குடுக்காத, அதனாலதான் இப்படி வந்துச்சு." தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இந்த நோய் பிள்ளைகள் படுத்தியதால் வருவதில்லை. அடிபட்டதால், கண்ணுபட்டதால், ஜாக்கெட்டுக்குள் போன் வைத்ததால் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் "உங்க வம்சத்து ரத்தம்", "உங்க வீட்டுல உழைச்ச உழைப்பு" என்று மாற்றி மாற்றிச் சொல்வதும் வீண். 2022-ல் மட்டும் உலகத்தில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு அஞ்சு முதல் பத்துதான் பரம்பரையாக மரபணு வழி வருவது. அந்த மரபணு அப்பா வழியிலும் வரலாம்.

அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால், மரபணுச் சோதனை தேவையா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். செய்வதென்றால் முதலில் நோய் வந்தவருக்குத்தான் செய்ய வேண்டும், உங்களுக்கோ மகளுக்கோ அல்ல. சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், உங்களுக்கு ஒரு விஷயம். அக்காவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே கூடப்பிறந்தவர்கள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்கள் வயது அதைத் தாண்டிவிட்டது. அக்காவைக் கூட்டிப்போகிற நாளிலேயே உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தட்டு, டம்ளர் விஷயம். கேன்சர் ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டால், எச்சில் பட்டால், ஒரே பாத்ரூமில் போனால் பரவாது. அதே சமயம் மாமியாரின் பயத்தில் ஓர் ஓரம் நியாயம் இருக்கிறது. கீமோ மருந்து இரண்டு நாள் வரைக்கும் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியே வரும். அந்த 48 மணி நேரம் கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுவதும், வாந்தி பட்ட துணியைக் கிளவுஸ் போட்டுத் தனியாகத் துவைப்பதும் நல்லது. அது மருந்துக்காகச் செய்வது, நோய்க்காக இல்லை. இப்படிப் பிரித்துச் சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். "நீங்க படிக்காதவங்க" என்கிற தொனியில் சொன்னால் தட்டு தனியாகத்தான் இருக்கும். கரண்ட் வைக்கும்போதும் இந்தச் சந்தேகம் வரும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது என்பதால் உடம்பில் எதுவும் தங்காது, வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைக்கூடத் தூக்கலாம்.

அடுப்படிச் சண்டைக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. அம்மா பத்தியம் என்பார், மாமியார் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஆட்டுக்கால் சூப் என்பார். இதில் நான் மாமியார் கட்சி. கீமோவில் இருப்பவர்களுக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் தரலாம், நன்றாக வெந்திருக்க வேண்டும் அவ்வளவுதான். வாய்ப்புண் இருந்தால் காரத்தைக் குறைத்துக் குழைவாகக் கொடுங்கள். முள்சீத்தா இலைக் கஷாயம், பேர் தெரியாத சூரணம் மட்டும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம், கீமோ மருந்தோடு மோதலாம், ஈரல் கெடலாம். ஆளுக்கொரு வேளை என்று பிரித்துக் கொடுத்துப் பாருங்கள், காலை ஒருவர், ராத்திரி ஒருவர். தாளிக்கிற வாசனையே குமட்டும் நாட்களில் அக்காவைக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மல்லிகைக்கும் இதேதான். காலமெல்லாம் தலைநிறைய வைத்தவர்களுக்கே கீமோவில் அந்த வாசனை வயிற்றைப் புரட்டும். முடி இல்லாத தலையோடு இருப்பவருக்குப் பூ வாங்கி நீட்டினால் அது வேறு ஒரு வலி. மதுரைக்காரர்கள் பாசத்தில் பூவோடுதான் வருவார்கள். வாசலிலேயே வாங்கி சாமி படத்துக்குப் போட்டுவிடுங்கள்.

சொந்தத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அக்காவும் மாமாவும் முடிவு செய்ய வேண்டியது. என் அபிப்பிராயம், யாருக்கும் சொல்லாமல் விட்டால் உதவிக்கும் யாரும் வரமாட்டார்கள். ஊரில் இதெல்லாம் மறையவும் மறையாது. நாளைக்கு நிச்சயம் முடிந்த பிறகு அடுத்தவர் வாயால் தெரிந்தால் அதுதான் கல்யாணத்துக்கு வினை. நம்பிக்கையான இரண்டு மூன்று வீடுகளுக்குச் சொல்லுங்கள். போன் எடுத்து எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லும் ஆளாக நீங்கள் இருங்கள். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து உட்கார்ந்து "எங்க சின்ன மாமியாருக்கும் இதேதான், பாவம் ஆறே மாசம்" என்று கதை சொல்பவர்களைத் தடுக்க, "டாக்டர் ஆள் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்" என்பதே போதும். டாக்டர்கள் பழியைத் தாங்குவார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் அது உண்மையும்கூட.

பணம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் போனால் கார்டு வாங்கலாம். கரண்ட் வைக்க மதுரைப் பெரியாஸ்பத்திரியின் பாலரெங்காபுரம் பிரிவும் இருக்கிறது. சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதென்றால் ஆஸ்பத்திரியில் ஃபாரம் வாங்கினால், படுக்கை வகுப்பில் நோயாளிக்கு ரயில் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு நூற்றுக்கு 75 சலுகை. யார் கொடுத்த பணம், யாருடைய நகை அடகில் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மொய் நோட்டே எழுதுகிற ஊர் நம்முடையது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வைத்தியம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அண்ணன் தம்பிக்குள் வரும் சண்டை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அக்காவோ மாமாவோ, இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பாட்டில் பிடிப்பில்லாமல், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பேச ஆரம்பித்தால் சமாதானம் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. கேன்சர் டாக்டரிடமும் சொல்லுங்கள். மனநல டாக்டரைப் பார்க்கப் போனால் அக்காவின் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ஹார்மோன் வகைக் கட்டிக்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

கடைசியாக அம்மாவின் நேர்த்திக்கடன். கணக்குப் பார்த்தால் பங்குனியில் அக்காவுக்கு ஏழாவது கீமோ நடந்துகொண்டிருக்கும். கூட்டத்துக்குள் போவதே அப்போது சரியில்லை. அதைவிட முக்கியம், ஆபரேஷன் செய்த பக்கத்தில் அக்குளிலிருந்து நெறிகட்டிகளை எடுத்திருப்பார்கள். அந்தக் கையில் சூடு பட்டாலோ புண் வந்தாலோ கை வீங்கிக்கொள்ளும், வீங்கினால் முழுசாக வடிவது கஷ்டம். ஆயுசுக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி, பிரஷர் பார்ப்பது எல்லாம் முடிந்தவரை வலது கையில். அதனால் வைத்தியம் முடிந்த பிறகும் அக்கா தீச்சட்டி ஏந்த வேண்டாம். இதை அம்மாவிடம் சாமி இல்லை பூதம் இல்லை என்கிற மாதிரி பேசினால் வீடு ரெண்டாகும். நேர்ந்தது அம்மா, அம்மாவே எடுக்கலாமா, இல்லை மாவிளக்காக மாற்றிக்கொள்ளலாமா என்று கோயில் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு மாற்று வழி சொல்லாத பூசாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.